கிழிந்த கித்தானும் காப்புறுதிப் பத்திரமும்



பேராக் ஆறு கடலோடு கலக்கும் பாகான் டத்தோ வட்டாரத்தில் எங்களுக்கு ஒரு படகு உண்டு. எங்களுக்கு என்றால், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இன்று வெவ்வேறு தோட்டப் பள்ளிகளில் பணியாற்றும் ஐந்து பேருக்கு. பதினெட்டு அடி நீளமுள்ள ஃபைபர் படகு. பள்ளி விடுமுறையில் தூண்டில் போடுவதற்காகக் கூட்டாகப் பணம் போட்டு வாங்கினோம். மற்ற நாட்களில் அது படகுத்துறையில் மூடிக் கிடக்கும். மூடுவதற்கு இரண்டு கித்தான் உறைகள்: முன்பாதிக்கு ஒன்று, இயந்திரத்தையும் சேர்த்துப் பின்பாதிக்கு மற்றொன்று. (கித்தா என்றால் நம் தோட்டங்களில் ரப்பர். நாம் சொல்வது கித்தான், கெட்டித் துணி. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

மலாக்கா நீரிணையை ஒட்டி வாழ்பவர்களுக்குச் 'சுமத்ரா' காற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், மேற்கே இருந்து இடியும் மழையுமாகத் திரண்டு வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். 2019 செப்டம்பரில் அப்படி ஒரு விடியற்காலையில் எங்கள் உறைகள் இரண்டும் போயின.

படகுத்துறையைக் கவனித்துக்கொள்ளும் மலாய்ப் பெரியவரைப் பாக்சிக் என்று அழைப்போம். அவர் தொலைபேசியில் சொன்னதும் ஓடினோம். முன் உறையைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது; கயிற்று முடிச்சில் இரண்டு முழத் துணி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பின் உறையின் கதை வேறு. பின்கயிறு அறுந்து, படகு திரும்பித் துறையின் மரத்தூணில் மோதியிருக்கிறது. தூணில் துருத்தியிருந்த இரும்பு ஆணி உறையின் ஒரு மூலையிலிருந்து நடுவரை கிழித்துவிட்டது. படகின் விளிம்பிலும் தூண் உரசிய தடம் இருந்தது.

எங்களில் ஒருவர் கிழிந்ததைச் சுருட்டிக் குப்பையில் போடப் போனார். பாக்சிக்தான் தடுத்தார். "முதலில் படம் எடுங்கள், சேகு. கம்பெனிக்காரன் வந்து பார்க்கட்டும்." அந்த அறிவு எங்கள் ஐவருக்கும் இல்லாமல் போயிற்று! அறுந்த கயிறு, ஆணி, உரசல் தடம், கிழிசல் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்தோம். மேலும் மழைநீர் இறங்காதிருக்க ஒரு மலிவான தார்ப்பாய் வாங்கிக் கட்டி, கடைச் சீட்டைப் பத்திரப்படுத்தினோம். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது காப்புறுதி எடுத்தவரின் கடமை என்று பத்திரத்திலேயே இருக்கிறது. மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் முன்பே பழுதுபார்த்துவிடக் கூடாது. தாமதமின்றித் தகவல் தர வேண்டும். அன்று மாலையே தகவல் கொடுத்தோம்.

அதன் பிறகுதான் பத்திரத்தைப் படித்தோம். மாணவரைப் பாடம் படிக்கவில்லை என்று கண்டிக்கும் நாங்கள், ஆறு ஆண்டுகளாகப் பணம் கட்டிய பத்திரத்தை ஒருமுறையும் பிரித்துப் பார்த்ததில்லை.

அதனோடு இணைத்திருந்தது 1985 நவம்பர் 1 தேதியிட்ட லண்டன் படகு விதிகள். அதில் உறைகளுக்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது. விரித்துக் கட்டியிருக்கும்போது காற்றினால் மட்டும் கிழிந்த, அல்லது காற்று அடித்துச் சென்ற பாய்களுக்கும் காப்பு உறைகளுக்கும் இழப்பீடு கிடையாது. ஆனால், படகு தரைதட்டியதாலோ, வேறொன்றுடன் மோதியதாலோ, தண்ணீர் அல்லாத வெளிப்பொருள் ஒன்றில் பட்டதாலோ உறை கிழிந்திருந்தால் கோரலாம். புயலுக்காகத்தானே காப்புறுதி எடுத்தோம் என்று கோபம் வந்தது. ஆறிய பின் யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் தெரிகிறது. காற்றில் நிற்கும் துணி என்றாவது கிழியத்தான் செய்யும்; அது தேய்மானத்துக்குப் பக்கத்து வீடு.

ஆக, ஒரே காற்றில் போன இரண்டு உறைகளில் பின் உறைக்குக் கோரிக்கை செல்லும், முன் உறைக்குச் செல்லாது.

அப்போதுதான் எங்களுள் ஒருவர் மெல்லச் சொன்னார்: "வாத்தியாரே, முன் உறையும் தூணில் மாட்டித்தான் கிழிந்தது என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுநூறு வெள்ளி எங்களுக்குச் சிறிய தொகையன்று. வயதில் மூத்தவர்தான் பேசினார். "தம்பி, காப்புறுதி முழு நம்பிக்கையின் பேரில் நடப்பது. ஒரு பொய் கலந்தால் உண்மையான கோரிக்கையும் அதோடு சேர்ந்து போய்விடலாம். அதுவும் போகட்டும், நாளைக்கு வகுப்பில் எப்படி நிற்பது?" கோரிக்கைப் படிவத்தில் முன் உறையைப் பற்றி உள்ளபடி எழுதினோம்: காற்று கொண்டுபோயிற்று.

மதிப்பீட்டாளர் இளைஞர். ஆணியையும் கிழிசலையும் பொருத்திப் பார்த்தார், குறிப்பெடுத்தார், போனார். புதிய பின் உறைக்குக் குஷன் கடை தௌக்கே கொடுத்த விலைச்சீட்டு 900 வெள்ளி. அவ்வளவும் வரும் என்று எண்ணியிருந்தோம். வந்தது 350 வெள்ளி.

ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்குமுன் கணக்கைப் பாருங்கள். பழையது போய்ப் புதியது வருவதால், உறைகளுக்கு மூன்றில் ஒரு பங்குவரை கழிக்க நிறுவனத்துக்கு அதே விதிகள் உரிமை தருகின்றன. வெளியே பொருத்தும் இயந்திரங்களுக்கும் இந்தக் கழிவு உண்டு. எங்கள் உறைக்கு வயது ஆறு. முழுப் பங்கையும் கழித்தார்கள். மீதம் 600. அதிலிருந்து ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்பதாக ஒப்புக்கொண்ட 250 வெள்ளி போயிற்று. எஞ்சியது 350. கணக்கு சரி; எங்கள் எதிர்பார்ப்புத்தான் தவறு. கணக்கே தவறு என்று பட்டிருந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டிருப்போம். அங்கே தீராத புகாரை இன்று நிதிச் சந்தைகளுக்கான குறைகேள் சேவையிடம் கொண்டு செல்லலாம். 2025 ஜனவரி முதல் அது இயங்குகிறது.

படகு வைத்திருக்கும் நேயர்கள் தங்கள் பத்திரத்தில் உறை என்ற சொல் எங்கே வருகிறது என்று இன்றிரவே தேடிப் பாருங்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளை இணைப்பதில்லை. உங்களுடையது எங்களுடையதைவிட நல்லதாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். ஆங்கிலம் தடுத்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

முன் உறைக்கான 700 வெள்ளியை ஆளுக்கு 140 ஆகப் பங்கிட்டுக்கொண்டோம். தௌக்கே இம்முறை ஓரத்தில் கண்ணிகளை நெருக்கி வைத்தார். துணி தொய்ந்தால்தான் காற்று உள்ளே புகுந்து தூக்கும் என்று சொல்லி, நடுவில் தாங்குகழி ஒன்றும் வைக்கச் சொன்னார். பின்கயிற்றை இரட்டையாக்கினோம். பாக்சிக் தூணில் இருந்த ஆணியைச் சுத்தியலால் அடித்து மடக்கிவிட்டார். தேதி போட்ட உறைச் சீட்டுகள் இரண்டும் இப்போது பத்திரத்தோடு ஒரே கோப்பில் இருக்கின்றன.