மூன்றாம் முரசு



அமெரிக்க நாட்டில் கோடைதோறும் நிகழும் கலையொன்று உண்டு. அதனை ‘டிரம் கோர்’ என்பர். தமிழில் முரசணி எனலாம். முதல் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்களின் சங்கங்கள் ஊர்தோறும் வளர்த்த முரசும் ஊதுகொம்பும் சேர்ந்த அணிவகுப்பே அதன் தோற்றுவாய். இன்று அதில் போரும் இல்லை, போர்வீரரும் இல்லை. இருபத்திரண்டு வயது நிரம்பாத ஆண்களும் பெண்களும், பெரிய அணியாயின் 150 பேரளவில், அமெரிக்கக் கால்பந்துத் திடலில் உருவங்களை வரைந்து கலைத்தபடியே பதினொன்று, பன்னிரண்டு நிமிடம் இசைப்பர். அணிகளெல்லாம் கூடும் இறுதிப் போட்டி முதன்முதலாக 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்தது. கொள்ளைநோயால் 2020-இல் நின்றதுதான் அதன் முதல் இடைவெளி.

இந்த அணிகளுள் ஒன்றில் ஒரே ஒரு பருவம் பங்கேற்ற இளைஞன் ஒருவன் பின்னாளில் நினைவுகூர்ந்தவை கவிஞர்கள் கேட்கத் தக்கவை. வயதெல்லை நெருங்கியபோதுதான் அவன் தேர்வுக்குச் சென்றான். அவனுக்கு மறு ஆண்டு என்பது இல்லை. அவன் விரும்பியது ஸ்நேர் முரசு. படபடவென்று பொரியும் அந்த முரசின் வரிசையில் நிற்பவர்களுக்கே பெருமை மிகுதி. குளிர்காலத் தேர்வு முகாமில் அந்த வரிசை நிரம்பிவிட்டது. அவனுக்குக் கிடைத்தது பாஸ் முரசு வரிசையில் மூன்றாம் இடம்.

அவ்வரிசையின் அமைப்பைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஐவர் நிற்பர், ஐவர் மார்பிலும் ஐந்து அளவில் முரசுகள் தொங்கும். சிறியது உயர்ந்த ஒலி தரும். பெரியது அடிவயிற்றில் இடிக்கும். ஓர் இசைத்தொடரை ஐவரும் பகிர்ந்து கொள்வர். தொடரை முழுதாக ஒருவரும் வாசிப்பதில்லை. தம் முறை வரும்போது தம் அடியை மட்டும் இடுவர். விரைவான இடங்களில் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு அடிகள் விழும். ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்கிற்குள் பிடித்தாக வேண்டும். ஐந்து வாய்கள் சேர்ந்து, வாய்க்கு ஓர் அசையாக, ஒரே வெண்பாவைத் தளை தட்டாமல் சொல்வதாக எண்ணிப் பார்க்கலாம். (கவியரங்கில் தமக்குரிய நேரம் கடந்த பின்னும் ஒலிவாங்கியை விடாத அன்பர்களுக்கு இப்பயிற்சி பெரிதும் உதவும்!)

முகாம் முடிந்து வீடு திரும்பியவனிடம் அவன் தாய், கற்றதை வாசித்துக் காட்டச் சொன்னார். உணவு மேசை மீது தன் பங்கை வாசித்தான். ஓர் அடி. நெடிய மௌனம். இரண்டு அடி. மீண்டும் மௌனம். பாட்டு இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்று அந்த அம்மையார் பொறுமையோடு காத்திருந்தார். அது முடிந்துவிட்டதென்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. பல்லாயிரம் டாலர் கட்டணம் கட்டி வாங்கியது இதுதானா என்ற எண்ணம் அவனை நெடுநாள் விடவில்லை.

மே மாதம் பயிற்சி தொடங்கியது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். உறக்கம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடங்களின் தரையில். உணவு உடன்வரும் சமையல் வண்டியில். பயணத்தில் பல இரவுகள் பேருந்து இருக்கையிலேயே கழிந்தன. ஒவ்வோர் இசைப்பகுதியின் முடிவிலும் தான் நிற்க வேண்டிய புள்ளியை ஒவ்வொருவரும் சிறு ஏட்டில் குறித்துக் கழுத்தில் மாட்டிக் கொள்வர். ஐந்து கெசத்திற்கு எட்டுக் காலடி. அதாவது காலடி ஒன்றுக்கு இருபத்திரண்டரை அங்குலம். அவ்வளவு கறாரான கணக்கு.

இக்கணக்கினும் வியப்புக்குரியது ஒலியின் கணக்கு. திடலின் அகலம் 160 அடி. பின் எல்லைக்கும் முன் எல்லைக்கும் இடையே ஒலி கடக்க ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நொடி பிடிக்கும். நொடிக்குப் பன்னிரண்டு அடி விழும் இசையில் இத்தாமதம் ஓர் அடியினும் பெரிது. எனவே, பின்னால் நிற்கும் முரசினர் முன்னிருந்து வரும் இசையைக் கேட்டு வாசித்தால் தாளம் தவறிவிடும். அவர்கள் செவியை அடைத்துக்கொண்டாற்போல நடத்துநரின் கைகளை மட்டும் நோக்க வேண்டும். முன்னால் நிற்பவர்களோ பின்னிருந்து வந்தடையும் முரசொலியோடு தம் இசையைப் பொருத்துவர். அரங்கில் இருப்பவர்களுக்கு எல்லாம் ஒருங்கே கேட்கும். முரசடிப்பவனுக்கு மட்டும் அந்த இசை, அவையோர் கேட்கும் வடிவில், ஒருபோதும் கேட்பதில்லை.

அவன் தவறியது இங்கேதான். சூலை மாதத்து இரவொன்றில், நிகழ்ச்சியின் நடுவே ஊதுகருவிகள் முன்னெல்லைக்குச் சென்று மெல்லிய பண்ணொன்றை எழுப்பின. நூறு முறை அருகிருந்தும் அதுவரை முழுதாகச் செவிகொடாத பண் அது. ஒரு கணம் செவிகொடுத்தான். அழகாக இருந்தது. அந்த அழகுக்கு இசைந்தே தன் அடியை இட்டான். அது பிந்தி விழுந்தது. நான்காம் முரசு தடுமாறியது. ஐந்தாவது நின்றே போயிற்று. கவனக்குறைவால் வந்த பிழையன்று அது. இசையின் மேல் கொண்ட விருப்பத்தால் வந்தது. ஆயினும் பிழை பிழையே.

1983 வரை இப்போட்டிகளில் காணும் ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து வந்தனர். மறு ஆண்டு அம்முறை கைவிடப்பட்டது. நன்றே செய்தனர்; பிழையை மட்டும் எண்ணுபவர் கலையை அளந்தவர் ஆகார். ஆனால் அன்றிரவு பேருந்தில் அவன் மனம் அந்தப் பழைய முறையில்தான் தன்னை எண்ணிக்கொண்டிருந்தது.

எவரும் கடிந்து பேசவில்லை. அதுவே அவனைச் சுட்டது. நள்ளிரவுக்குப் பின் இரண்டாம் முரசுக்குரிய பெண் எழுந்து வந்து அருகில் அமர்ந்தாள். ஒரு சொல்லும் சொல்லாமல், தவறிய அந்தத் தொடரில் தன் அடியைத் தன் முழங்காலில் தட்டினாள். அவன் தன் அடியைத் தட்டினான். முன்னிருக்கையிலிருந்து நான்காம் அடி இருக்கையின் முதுகில் விழுந்தது. உறங்கிவிட்டதாக அவன் நினைத்திருந்தவன்தான் தட்டினான். எத்தனை முறை அதை ஓட்டினார்கள் என்பது அவனுக்கு நினைவில்லை.

ஆகஸ்டில் இறுதிப் போட்டி முடிந்தது. அவர்கள் பெற்ற இடம் என்ன என்பதை அவன் யாரிடமும் முதலில் சொல்வதில்லை, கேட்டால் சொல்வான். முரசுகள் அணிக்கு உரியவை. கழற்றித் துடைத்து வண்டியில் ஏற்றினர். வியர்வையில் மை கலைந்த அந்தச் சிறு ஏடு மட்டுமே அவனோடு வீடு வந்தது.

தாய் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அதே உணவு மேசை, அதே பங்கு. ஓர் அடி இட்டுவிட்டுக் காத்திருந்தான். இம்முறை அந்த மௌனத்தில் மற்ற நால்வரும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டார்கள். தாய்க்கு முன்போலவே ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் அவர் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, இந்த இடத்தில் வாசிப்பவர் யார் என்று கேட்டார். அவன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தொடங்கினான்.