ஊர்ப்பெயரும் வரலாற்றுச் சுவடும்

(திருமுதுகுன்றத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



தொடர்வண்டி நிலையத்துப் பலகையில் இவ்வூருக்கு 'விருத்தாசலம்' என்று பெயர். பேருந்தின் நெற்றியிலும் அதுவே. இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையின் சூளைகளில் வெந்து, பெட்டிகளில் அடுக்கப்பட்டு வெளியூர் செல்லும் பொம்மைகளோடும் மின்கருவித் தாங்கிகளோடும் சேர்ந்து செல்லும் பெயரும் அதுவே. விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் மலை. முதுகுன்றம் என்னும் தமிழ்ப்பெயரைச் சொல்லுக்குச் சொல் வடமொழியில் பெயர்த்துப் போட்டதன்றி, இப்பெயரில் வேறொன்றும் இல்லை.

ஊரின் பெயர் மட்டுமா பெயர்ந்தது? பழமலைநாதர் விருத்தகிரீசுவரர் ஆனார். பெரியநாயகி விருத்தாம்பிகை ஆனாள். மணிமுத்தாறு மணிமுக்தா நதி ஆயிற்று. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஊர் முதுகுன்றம். கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமாகிய செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்த கோயில் இங்கே நிற்கிறது. பழைய குன்று நிலத்துக்குள் அழுந்திவிட்டது என்பது ஊர்மரபு. இன்று கண்ணுக்குக் குன்று தெரியவில்லை. குன்றையும் அதன் முதுமையையும் சொல்வதற்கு எஞ்சியிருந்தது பெயர் ஒன்றே. அதையும் பிறமொழியில் பெயர்த்துவிட்டனர்.

பெயர் போனால் என்ன, ஊர் இருக்கிறதே என்பார் உளர். அவர்க்கு விடை தொலைவில் இல்லை, கடலூரிலேயே கிடக்கிறது. 1690ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கும்பினி தேவனாம்பட்டினக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியைச் சுற்றிலும் திருப்பிச் சுட வேண்டியது. குண்டு போய் விழும் எல்லைக்குட்பட்ட ஊரெல்லாம் கும்பினிக்கு. அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள், அப்படியே சுட்டார்கள். உழுதுகொண்டிருந்தவனைக் கேட்டவர் இல்லை. அந்தக் கோட்டை பின்னாளில் பிரெஞ்சுக்காரர் கையில் அழிந்தது. ஆனால் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்னும் பெயர்கள் இன்றும் கடலூரில் வழங்குகின்றன. எந்த வரலாற்று நூலையும் படித்திராத சிறுவன்கூட 'ஏன் குண்டு?' என்று கேட்டால், முந்நூறு ஆண்டுக்கு முந்தைய நிலப்பறிப்பு அவன்முன் வந்து நிற்கும். பெயர் என்பது அத்தகைய ஆவணம்.

அந்தக் கோட்டை வாங்கப்பட்டபோது சென்னையில் கும்பினியின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். 1649இல் அமெரிக்காவின் பாசுடன் நகரில் பிறந்தவர்; இளமையிலேயே இங்கிலாந்து சேர்ந்தவர்; சென்னையில் பெரும்பொருள் ஈட்டியவர். அவர் தலைமையிலிருந்த குழு கப்பல்களில் அடிமைகளை ஏற்றி அனுப்ப ஆணையிட்டதும் கும்பினியின் ஏடுகளில் இருக்கிறது. முதுமையில் அவர் அமெரிக்காவின் நியூ ஏவனில் இருந்த சிறு கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் மன்னர் முதலாம் சியார்சின் ஓவியமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் வந்தது. 1718இல் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அதுவே யேல் பல்கலைக்கழகம். 562 பவுனுக்கு உலகப்புகழ்! தன் வரலாற்றில் படிந்த அடிமைமுறைக் கறையை ஆராய்ந்த அப்பல்கலைக்கழகம் 2024இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அடிமைமுறைக்கு வாதாடிய கால்கூன் என்பாரின் பெயரை 2017இலேயே தன் உறுப்புக் கல்லூரி ஒன்றிலிருந்து நீக்கியது. யேல் பெயரை மட்டும் நீக்கவில்லை. பெயரின் வேர் அவ்வளவு ஆழம் இறங்கிவிட்டது.

அதே கும்பினியின் தேயிலையைத்தான் 1773 திசம்பர் 16ஆம் நாள் இரவு பாசுடன் மக்கள் கடலில் கொட்டினார்கள். மூன்று கப்பல்கள், 342 பெட்டிகள். கப்பல் நின்ற கிரிபின் துறை இன்று இல்லை. கடலோரம் தூர்ந்து தெருவாகிவிட்டது. ஆயினும் 'பாசுடன் தேநீர் விருந்து' என்னும் பெயரைப் பிற்றைத் தலைமுறை சூட்டி வழங்கியது. இடம் மறைந்தும் பெயரால் நிகழ்ச்சி நின்றது.

1776இல் அமெரிக்கர் விடுதலை அறிக்கையை நிறைவேற்றிய பிலதெல்பியா மாளிகையின் கதை வேறு. அதன் பழைய பெயர் வெறும் அரசு மனை. நாற்பது ஆண்டுக்குள் அதன் அருமையை மறந்து, 1816இல் மனையையும் நிலத்தையும் விற்கத் துணிந்தது அந்த மாநில அரசு. நகராட்சி 70,000 தாலர் கொடுத்து வாங்கிக் காப்பாற்றியது. 'விடுதலை மண்டபம்' என்று அழைக்கத் தொடங்கிய பின்னரே மக்கள் அதைக் கோயிலாக எண்ணினர். மணியின் கதையும் அதுவே. அரசு மனை மணியாக இருந்ததற்கு 'விடுதலை மணி' என்னும் பெயரை 1830களில் கொடுத்தவர்கள் அடிமைமுறையை எதிர்த்துப் போராடியவர்கள்.

இவற்றைக் கேட்டு அமெரிக்கரைத் தலைமேல் தூக்கிக்கொள்ள வேண்டுவதில்லை. அந்நாட்டு மண்ணின் மக்களுடைய பெயர்களை அழித்ததும் அவர்களே. மொண்டானா மாநிலத்தில் இலிட்டில் பிகார்ன் ஆற்றங்கரையில் 1876 சூன் 25ஆம் நாள் இலகோத்தா, செயேன், அரபாகோ மக்கள் தம் நிலத்தைக் காக்கப் போரிட்டு, கசுட்டர் என்னும் படைத்தலைவனையும் அவனோடு நின்ற படைப்பிரிவையும் முற்றாக வீழ்த்தினர். வென்றவர் பெயரையன்றோ போர்க்களம் பெற வேண்டும்? பெற்றது தோற்றவன் பெயர்! 1946 முதல் அதற்கு 'கசுட்டர் போர்க்களம்' என்றே பெயர். செயேன் குருதியில் வந்த நைத்தார்சு காம்பெல் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் சட்டமுன்வரைவு கொணர்ந்தார். 1991இல் போர்க்களம் ஆற்றின் பெயரைப் பெற்றது. மண்ணின் மக்களுக்கு அங்கே நினைவிடம் எழுந்தது 2003இல். போர் முடிந்து 127 ஆண்டு.

இன்னொன்று, ஒரு மலையைப் பற்றியது. மலையின் பெயரை இழந்த ஊரார் கூர்ந்து கேட்க வேண்டியது. அலாசுக்காவில் 20,310 அடி உயர்ந்து நிற்கும் மலைக்கு அங்குள்ள மக்கள் வழங்கிய பெயர் தெனாலி. (ஆந்திரத்துத் தெனாலி அன்று, உயர்ந்தது என்பது அவர்கள் மொழியில் அதன் பொருள்.) 1896இல் பொன் தேடிச் சென்ற ஒருவர், குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற மெக்கின்லியின் பெயரை அதற்குச் சூட்டினார். மெக்கின்லி அலாசுக்காவில் அடிவைத்தவரே அல்லர். 1917இல் சட்டமும் அப்பெயரை ஏற்றது. அலாசுக்கா மாநிலம் 1975இல் பழம்பெயரைத் திருப்பிக் கேட்டது. மெக்கின்லியின் ஒகையோ மாநிலத்து உறுப்பினர்கள் நாற்பதாண்டு முட்டுக்கட்டை இட்டனர். 2015இல் ஒபாமா ஆட்சி தெனாலியைத் திருப்பித் தந்தது. 2025 சனவரியில் திரம்பு ஆட்சி மீண்டும் மெக்கின்லி ஆக்கியது. ஒருமுறை மீட்ட பெயர் மீண்டும் பறிபோகும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. ஆனால் அலாசுக்கா மக்கள் வாயில் தெனாலி எந்நாளும் மறையவில்லை. மலையைச் சூழ்ந்த காட்டுப்பூங்காவின் பெயரும் 1980 முதல் தெனாலியே. பலகையில் இழந்தார்கள்; வாயில் இழக்கவில்லை. முதுகுன்றத்தில் நிகழ்ந்தது இரண்டும்.

தமிழகத்தில் மீட்ட கதைகளும் உண்டு. தலைமையானது தமிழ்நாடு என்னும் பெயரே. அதனையும் பிற கோரிக்கைகளையும் முன்வைத்து விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956 சூலை 27ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். இரண்டரைத் திங்கள் நோன்பிருந்து அவ்வாண்டு அத்தோபரில் உயிரீந்தார். மாநிலங்களவையில் வங்காளத்துப் பூபேசு குப்தா இப்பெயர் மாற்றத்துக்குச் சட்டமுன்வரைவு கொணர்ந்தபோது, பெயரை மாற்றி என்ன காணப்போகிறீர்கள் என்னும் கேள்வி எழுந்தது. 1963இல் அண்ணா எழுந்து அதற்கு விடையிறுத்தார். அன்று முன்வரைவு தோற்றது. அதே அண்ணா முதலமைச்சராக வந்து 1967 சூலை 18இல் சட்டமன்றத்தில் தீர்மானத்தை நிறைவேற்றினார். 1969 சனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. அவர் மறைவுக்கு மூன்று கிழமை முன்பு.

மாயூரம் 1982இல் மயிலாடுதுறை ஆயிற்று. மதராசு 1996இல் எம்மொழியிலும் சென்னை ஆயிற்று. அஞ்சல் நின்றுவிட்டதா? வண்டி வழிதவறியதா? மயிலாடுதுறை பின்னர் ஒரு மாவட்டத்தின் பெயராகவே வளர்ந்தது. ஆனால் மறைக்காடு இன்னும் வேதாரண்யமே. 1930இல் உப்பு அறப்போர் நடந்த கடற்கரை என்று இந்திய வரலாற்று நூல்களிலெல்லாம் வடமொழிப் பெயராலேயே பதிந்துவிட்டது. பெருநிகழ்ச்சி ஒன்று நேரும்போது ஊர் எப்பெயரில் இருக்கிறதோ, அப்பெயரே உலகுக்குப் போய்ச் சேரும். ஆகையால் காலந்தாழ்த்துதல் இழப்பு.

2020 சூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழொலிக்கு இசையத் திருத்தி ஆணை வெளியிட்டது. சில நாள்களில் திரும்பவும் பெற்றுக்கொண்டது. நோக்கம் நன்று. ஆயினும் 'விருத்தாசலம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுத்துக்கூட்டினால் என்ன? கூட்டப்படுவது வடசொல்தானே!

சுந்தரர் இவ்வூரில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது மரபு. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்னும் பேச்சு அதிலிருந்தே வந்தது. பெயர்ச் செய்தியில் ஊரார் செய்வதும் அதுவே. வீட்டுத் திருமண அழைப்பிதழிலும் கடைப் பலகையிலும் விருத்தாசலம் என்று தாமே அச்சிட்டு இழந்துவிட்டு, அரசு அலுவலகத்தில் போய்த் தேடுகிறார்கள். அலுவலகத்துக்கும் போக வேண்டியதுதான். தொடர்வண்டி நிலையத்தின் பெயர் மாற, மாநில அரசு முன்மொழிய வேண்டும். நடுவண் அரசின் உள்துறை இசைவு தர வேண்டும். அதன்பின்னரே பலகை மாறும். ஊரில் வழங்காத பெயருக்கு எந்த மாநில அரசும் முன்மொழிவு எழுதாது. நகர்மன்றம் தீர்மானம் இயற்ற வேண்டும். அதற்கு முன்னே வணிகர், ஆசிரியர், தொழிலாளர் எழுதிப் பழக வேண்டும்.

பீங்கான் தொழிலாளர்க்கு இதில் பிறர்க்கு இல்லாத வாய்ப்பு ஒன்று இருக்கிறது. கீழடியில் தோண்டி எடுத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அவ்விடத்தின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்வதாகத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அரண்மனையும் ஓலையும் அழிந்தன. சுட்ட மண்ணில் எழுதிய பெயர் அழியவில்லை. கிண்ணமானாலும் பொம்மையானாலும் அடிப்புறத்தில் விரல் அகலத்துக்கு வெற்றிடம் உண்டு. களி ஈரமாக இருக்கையில் அச்சால் ஓர் அழுத்து, 'திருமுதுகுன்றம்' பதிந்துவிடும். ஒரு மர அச்சின் விலை பெரிதன்று. அதற்கு உள்துறையின் இசைவும் வேண்டாம்.