பாடம் போனில், வேலை வகுப்பில்

(நாகர்கோவிலில் பொறியியல் மாணவர்கள், பெற்றோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இறுதியாண்டு ப்ராஜெக்ட் நேரம் வந்தால் சில மாணவர்கள் கடைக்குப் போறாங்க. பணம் கட்டி, செய்து வைத்த ப்ராஜெக்டை அறிக்கையோடு வாங்கிட்டு வர்றாங்க. சோம்பல் மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. வகுப்பு நேரம் முழுக்கக் குறிப்பு எழுதுவதிலேயே போனால், கையால் செய்து பழகுவது எப்போது?

இதற்கு ஒரு வழி, தலைகீழ் வகுப்பறை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற வேதியியல் ஆசிரியர்கள் 2007-ல், வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காகப் பாடத்தை வீடியோவாகப் பதிவு செய்தாங்க. பிறகு எல்லோருக்குமே பாடம் வீட்டில், பயிற்சி வகுப்பில் என்று மாற்றிட்டாங்க.

நமக்கு வீடியோ தேடி அலைய வேண்டாம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

நம்ம ஊர் உதாரணம் சொல்றேன். குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்குன்னு விவசாயி போனிலேயே பார்க்கணும். ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து சென்சார் தூரத்தை அளக்கும் என்பதை மாணவர் முந்தின இரவே வீடியோவில் பார்க்கிறார். மறுநாள் வகுப்பில் ஐந்து கேள்விகள். பிறகு நான்கு பேர், ஒரு வாளித் தண்ணீர், ஒரு சென்சார். அலை அடித்தால் அளவு ஏன் தாவுது? வெயில் ஏறினால் ஏன் மாறுது? மாணவர் திணறும் அந்த இடத்தில்தான் ஆசிரியர் பக்கத்தில் நிற்கணும்.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டில் ஒரே போன், மலையோரத்தில் சிக்னல் இல்லை என்றால், கல்லூரியிலேயே வீடியோவை இறக்கித் தரணும். அடுத்து, வீடியோவையும் அனுப்பிட்டு அதே பாடத்தை வகுப்பிலும் நடத்தினால், யாரும் வீடியோ பார்க்க மாட்டாங்க.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் 'நிரல் திருவிழா', உண்மையான சிக்கல்களுக்குத் தீர்வு காணும் மாணவர்களுக்கான மேடை. கடையில் வாங்கிய ப்ராஜெக்ட் அங்கே கேட்கும் முதல் கேள்வியிலேயே தடுமாறும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இரவில் போனோடு இருந்தால், "என்ன பாக்குத மக்களே?" என்று கேளுங்க. மறுநாள் சாயங்காலம், "அத வச்சு இன்னைக்கு என்ன செஞ்ச?" என்றும் மறக்காமல் கேளுங்க.