பரணில் கிடந்த கப்பல்
(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை)



இன்று நாம் கேட்ட மாற்கு நற்செய்தியில் அண்ணன் தம்பிகள் நான்கு பேர் வருகிறார்கள். சீமோனும் அந்திரேயாவும் ஒரு வீடு, யாக்கோபும் யோவானும் ஒரு வீடு. பின்னவர்கள் இருவரும் படகில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் இயேசு அழைக்கிறார். எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களுடைய தந்தை செபதேயு, கூலியாட்களோடு படகிலேயே இருந்துவிடுகிறார். கூலியாட்களை மத்தேயு குறிப்பிடவில்லை, மாற்குதான் மறக்காமல் எழுதியிருக்கிறார். இந்தப் பகுதிக்கு மறையுரை வைக்கும் போதெல்லாம் குருக்களாகிய நாம் எழுந்து போன பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவோம். படகில் இருந்துவிட்ட மனிதரைப் பற்றிப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். இன்று அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அதற்கு ஒரு சிறிய கப்பலின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது அண்ணன் தம்பி இருவரின் கதை. இருவரும் சம்மதித்துத்தான் சொல்வதால் ‘நாங்கள்’ என்றே சொல்கிறோம். எங்களில் மூத்தவன், காஞ்சிபுரத்துக்கு மேற்கே திருப்புட்குழியில் இருந்துகொண்டு இப்போது உங்களோடு பேசுகிறவன். இளையவன் தூத்துக்குடியில் தோணி எஞ்சின் பழுது பார்க்கிறவன்.

எங்கள் அப்பா தூத்துக்குடியில் ஓடாவி. தோணி கட்டும் தச்சரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. காகிதத்தில் வரைபடம் எதுவும் இல்லாமல், கடற்கரை மணலில் ஏராவைக் கிடத்தி, வங்குகளை நிறுத்தி, கண் அளவிலேயே ஒரு தோணியை எழுப்பிவிடுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பு, வங்கு அதன் விலா எலும்பு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்துக் கலப்பற்றுப் பார்க்கிற வேலைக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். பகலெல்லாம் உளிச் சத்தம், ராத்திரியில் கதை.

அந்தக் கதைகளில் அன்னபூரணி என்ற கப்பலின் கதையை எத்தனை முறை கேட்டோம் என்று எங்களுக்கே கணக்கில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் தமிழ்த் தச்சர்கள் வேப்பமரத்தில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. நீளம் 89 அடி. சின்னப் படகில் உலகைச் சுற்றி வந்திருந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்து ஆசைப்பட்டு விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயரையும் மாற்றினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் இன்னும் நான்கு வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதில் ஏறிக் கொழும்பிலிருந்து சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா என்று போய், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் இறங்கினார்கள். அப்பா இதை வல்வெட்டித்துறைக்காரர்கள் வாயாலேயே கேட்டவர். “வேப்பமரம்ல அது, வேப்பமரம்” என்று முடிப்பார். அமெரிக்கா போனதைவிட அந்த மரம் தாங்கியதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

1981இல் நாங்கள் அதைச் சிறியதாகக் கட்டத் தொடங்கினோம். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று அப்பா அளவு வைத்துக் கொடுத்தார். 89 அடிக் கப்பல் 22 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அந்த அளவில் ஐந்தரை அடி ஆள் ஒன்றரை அங்குலம்கூட இருக்க மாட்டான். ஒன்றரை அங்குலப் பலகை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். பட்டறையில் விழுந்த தேக்குச் சிம்புகளை அப்பா இழைத்துத் தருவார், நாங்கள் ஒட்டுவோம். வலப்பக்கம் மூத்தவனுக்கு, இடப்பக்கம் இளையவனுக்கு. ஒரு விதியை அப்பா கண்டிப்பாகச் சொன்னார். இந்தப் பக்கம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்த பலகை அந்தப் பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் பலகைகளின் இழுப்பில் ஏராவே வளைந்து, கப்பல் முறுக்கிக்கொள்ளும்.

பக்கத்துக்கு ஆறு பலகை ஏறியிருந்தது. 1983 ஜூனில் மூத்தவன் சிறிய குருமடத்துக்குப் பெட்டி கட்டினான். ஊரே வந்து வழியனுப்பியது. இளையவன் மட்டும் ரயிலடிக்கு வரவில்லை. அடுத்த சில வாரங்களில் அவன் இடப்பக்கத்தில் மட்டும் ஐந்து பலகைகளைத் தொடர்ந்து ஒட்டினான். “மறுபக்கத்தையும் ஒட்டேம்ல” என்று அப்பா சொன்னதற்கு, “அது அவன் பக்கம்” என்று பதில் சொன்னானாம். ஏரா முறுக்கிக்கொண்டது. கப்பல் பரணுக்குப் போனது.

இதற்குப் பிறகு நடந்ததில் பெரும்பகுதி எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 2008இல் அப்பா படுக்கையில் விழுந்தார். ஆகஸ்டு கடைசியில் நிலைமை மோசமாகிவிட்டது என்று இளையவன் தொலைபேசியில் சொன்னான். மூத்தவன் இருந்த பங்கில் அப்போது மாதா பிறப்பு விழாவுக்குக் கொடியேற்றம். நவநாள் ஒன்பது நாளும் திருப்பலி, தேர், வெளியூர்ப் பிரசங்கிகள். வேறொரு குருவானவரிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறியிருக்கலாம். பக்கத்துப் பங்குச் சாமியார்கள் தாமாகவே கேட்கவும் செய்தார்கள். ஏறவில்லை. செப்டம்பர் 5ஆம் தேதி அப்பா இறந்தார். அடக்கத்துக்குப் போய், வெள்ளைத் திருவுடை அணிந்து, மிகவும் உருக்கமாக ஒரு மறையுரை வைத்தான் மூத்தவன். எல்லாரும் அழுதார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் இளையவன் கையைக் குவித்து, “ரொம்ப நன்றி, ஃபாதர்” என்றான்.

அன்றிலிருந்து பதினைந்து ஆண்டுகள் அவன் ‘அண்ணே’ என்று கூப்பிடவில்லை. ஃபாதர்தான். சண்டை கிடையாது, விசேஷங்களுக்கு அழைப்பிதழ் வரும், அதன் மேல் உறையிலும் ‘வணக்கத்திற்குரிய’ என்றுதான் எழுதியிருக்கும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு முதலில் சமாதானம் செய் என்ற நற்செய்திப் பகுதியை அந்தப் பதினைந்து ஆண்டுகளும் மூத்தவன் தவறாமல் வாசித்தான், விளக்கமும் சொன்னான். கேட்டவர்களுக்குப் பலன் இருந்திருக்கலாம்.

போன ஆண்டு கோடையில் தூத்துக்குடி வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். இளையவனுடைய மகள் தொலைபேசியில் பேசினாள்: “பெரியப்பா, பரண்ல ஒரு கோணல் கப்பல் கெடக்கு. தூக்கிப் போட்டுறலாமான்னு அப்பா உங்கட்ட கேக்கச் சொன்னாங்க.” மூத்தவனுக்கு அது முதலில் எட்டவில்லை. குப்பையில் போடுவதற்கு யாராவது முந்நூறு மைல் தாண்டி அனுமதி கேட்பார்களா? “போட வேண்டாம், பார்சலில் அனுப்பு” என்றான். பார்சலில் வரவில்லை. இளையவனே பழைய வேட்டியில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

முதல் இரண்டு நாள் கப்பலைத் தவிர எதையும் நாங்கள் பேசவில்லை. பேசுவதற்கு அதில் நிறைய இருந்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு கைவேலைக்குத் திரும்புகிறவனுக்கு முதலில் கண் துரோகம் செய்கிறது. வாசிப்புக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. சர்க்கரையால் மூத்தவனுக்கு விரல் நுனியில் உணர்ச்சி குறைவு, பிடித்த சிம்பு நழுவியதே தெரியாது. இப்போதெல்லாம் கப்பல் பாகங்களை லேசரில் வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், ஒரு நொடியில் பிடிக்கிற பசையும் கிடைக்கிறது. காஞ்சிபுரத்தில் அந்தப் பசையை மூத்தவன் வாங்கி வைத்திருந்தான். இளையவன் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டான். “அப்பா வச்சிரம் போட்டு ஒட்டுனது. வெந்நி பட்டா வுட்ரும்” என்றான்.

அது எங்களில் ஒருவனுக்கு மறந்தே போயிருந்தது. வச்சிரம் என்பது மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசை. இறுகினால் மரமே உடையும், ஒட்டு உடையாது. ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்து பட்டால் இளகிக் கொடுக்கும். வெந்நீரில் நனைத்த துணியைப் பலகை மேல் போட்டு, கத்தி நுனியை மெல்ல உள்ளே விட்டு, இடப்பக்கத்து ஐந்து பலகைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒரு பலகைக்கு ஒரு மணி நேரம். பதினைந்து வயதுப் பையன் கோபத்தில் ஒட்டிய பலகைகள். எடுத்தவனும் அவனேதான். மூன்றாவது பலகை உடைந்தது. அதே நிறத்தில் தேக்கு கிடைக்கவில்லை, வேறு மரம் போட அவன் சம்மதிக்கவில்லை. கலிலேயாக் கடலில் 1986ஆம் ஆண்டு வறட்சியில் தண்ணீர் வற்றியபோது சேற்றிலிருந்து கிடைத்த படகைப் பற்றி அப்போது அவனுக்குச் சொன்னோம். இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டிய படகு அது, எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதில் பன்னிரண்டு வகை மரம் இருக்கிறது. உடைந்த இடத்தில் கையில் கிடைத்ததை வைத்துத் தைத்திருக்கிறார்கள், ஏழை மீனவனின் படகு. இளையவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வேப்பஞ்சிம்பு ஒன்றை எடுத்து இழைக்க ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவன் திருப்புட்குழித் தெருவில் நடந்துவிட்டு, விஜயராகவப் பெருமாள் கோவில் பக்கத்தில் தேநீர் குடித்துவிட்டு வந்தான். புள் என்றால் பறவை என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஜடாயுவுக்கு இராமர் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது இந்த ஊரார் நம்பிக்கை. தசரதர் இறந்தபோது இராமர் காட்டில் இருந்தார், அருகில் இருந்து எதுவும் செய்ய முடியவில்லை. தந்தையின் நண்பனாகிய பறவைக்குத்தான் மகனாக நின்று செய்ய முடிந்தது. இதை எங்களிடம் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டான். வேண்டுமென்று சொன்னானா, ஊர்க்கதையாகச் சொன்னானா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூத்தவன் சொன்னான்: “அன்னைக்கு வந்திருக்கணும். வர முடிஞ்சது. வரல. தப்பு என்னோடது.” மன்னிப்பு என்ற சொல்லைக்கூடப் பயன்படுத்தவில்லை. பீடத்தில் அதிகம் புழங்கிய சொல் வீட்டில் வாய்க்கு வரவில்லை. இளையவன் ஏராவின் வளைவைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தான். பிறகு, “தெனமும் காலையில மெட்ராஸ் ரயில் வந்துட்டான்னு கேப்பாரு. நான் லேட்டுன்னு சொல்லிருவேன்” என்றான்.

பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பொய்யை அவன் தனியாகச் சுமந்திருக்கிறான்.

அன்று மாலை ஏராவை நேராக்கினோம். ஆவி காட்டி, நேரான பலகை ஒன்றில் வைத்து, ஆணியால் அணைத்து, மேலே செங்கல் அடுக்க வேண்டும். ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஆணி அறைய வேண்டும். அந்த அவசரத்தில்தான், “அண்ணே, அமரத்தப் பிடி, அமரத்தப் பிடி” என்று அவன் கத்தினான். அமரம் என்றால் கப்பலின் பின்பக்கம். மூத்தவன் பிடித்துக்கொண்டான். அப்படிக் கூப்பிட்டதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏரா பத்து நாள் செங்கலுக்கு அடியில் கிடந்தது. முழுவதும் நேராகவில்லை. அணியத்தின் பக்கம், அதாவது முன்பக்கம், ஒரு நூல் அளவு வலதுபுறம் சாய்கிறது. தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இளையவன் வருகிறான்.

கோவிலுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, “இதைப் பீடத்துக்கு முன்னால் தொங்கவிடப் போகிறீர்களா, சாமி?” என்று கேட்கிறார்கள். பிரான்சு நாட்டு மார்சேயில் மாதா கோவிலில், புயலுக்குத் தப்பிய மாலுமிகள் நேர்ச்சையாகக் கொடுத்த சிறு கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. நம் வேளாங்கண்ணிக் கோவிலுக்கும் புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகளின் நேர்ச்சை ஒரு காரணம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கப்பல் அந்த வகையில் சேராது. முடிந்ததும் அது தூத்துக்குடி வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று எங்களில் இளையவன் சொல்லியிருக்கிறான். மூத்தவனுக்கு அதில் மறுப்பில்லை.

செபதேயு அன்றைக்குப் படகைக் கரை சேர்த்த பிறகு என்ன செய்திருப்பார் என்று மாற்கு எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் எப்போதாவது வீட்டுக்குப் போனார்களா என்பதும் எழுதப்படவில்லை. ஆனால் மத்தேயுவைப் பாருங்கள். கடைசியில் சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் செபதேயுவின் மக்களுடைய தாயும் இருந்தார். அந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர் நடந்து வந்திருக்கிறார்.

இப்போது பக்கத்துக்குப் பதினொரு பலகை ஏறியிருக்கிறது, இன்னும் நான்கு நான்கு பாக்கி. பாய்த் துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறோம், புதுத் துணியின் வெள்ளை போக வேண்டும் என்பதற்காக. பன்னிரண்டாவது பலகை இடப்பக்கத்தில் தொடங்க வேண்டும். தவக்காலத்துக்கு முன் வருவதாக இளையவன் சொல்லியிருக்கிறான். அதுவரை வலப்பக்கத்துச் சிம்புகள் இழைத்தபடி மேசையில் இருக்கின்றன.