லீஷ் என் பாக்கெட்ல இருந்துச்சு

(எபிசோட் ஆடியோவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகத் திருத்தியது.)



ஃப்ரெண்ட்ஸோட, நாயோட மலைக்குப் போய் டென்ட் போடுறது பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. நான்தான் தள்ளிப் போட்டுட்டே வந்தேன். அதைப் பேசணும்னா நான் பண்ண ஒரு தப்பையும் சேர்த்துப் பேசணும். சரி, இன்னைக்குப் பேசிடலாம்.

ஓசூர்ல இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல. வாரம் பூரா சிப்காட் ஷிஃப்ட், இல்லைன்னா அத்திப்பள்ளி டோல் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனா குரூப்ல ஒரே மெசேஜ்தான்: "மச்சி, எங்க போலாம்?" நம்ம ஊரே கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கு. பைக்கை எடுத்து தேன்கனிக்கோட்டை தாண்டினா அஞ்செட்டி ரோட்டுல மலை ஆரம்பிச்சிடும். டோல் கிடையாது, டிராஃபிக் கிடையாது. சொர்க்கம்.

எங்க செட்டுல நாலு பேர், ரெண்டு நாய். டைசன் ஒரு லேப்ரடார். பார்க்கப் பயமா இருப்பான், ஆனா பிஸ்கட் பாக்கெட் சத்தத்துக்கு மட்டும்தான் எழுந்திருப்பான். மிளகு என்னோடது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மழையில நனைஞ்சுட்டு இருந்த குட்டி. பக்கா நாட்டு நாய், காது ரெண்டும் எப்பவும் ஆன்டெனா மாதிரி நிக்கும்.

நடந்தது டிசம்பர் மாசக் கடைசி. ஃப்ரெண்டோட சொந்தக்காரர் ஒருத்தருக்கு அஞ்செட்டி பக்கம் நிலம் இருந்துச்சு. பட்டா நிலம், அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் போனோம். அதனால எல்லாம் சரியா பண்றோம்னு நினைப்பு. ஆனா நிலத்துல டென்ட் போடல. கடைசி வயலைத் தாண்டி, கொஞ்சம் மேல ஒரு பாறை இருந்துச்சு. அங்கேருந்து சூரிய உதயம் சூப்பரா தெரியும்னு அங்க போய்ப் போட்டோம். பாறைக்குப் பின்னாடி இருபது அடியில புதர், அதுக்குப் பின்னாடி காடு.

சாயங்காலம் பக்கத்து வயல்ல காவலுக்கு வந்த பெரியவர் ஒருத்தர் எங்களைப் பார்த்துட்டு மேல ஏறி வந்தார். அந்தப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே வாக்கியத்துல வரும். டென்ட்டைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், கடைசியா மிளகைப் பார்த்தார். "நாயி கட்டாகப்பா"ன்னார். நாயைக் கட்டிப் போடுப்பா. அவ்வளவுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாய் வெச்சிருக்கிற எல்லாரும் சொல்ற அதே டயலாக். "இவ ஒண்ணும் பண்ண மாட்டா ஐயா."

அவர் அதுக்கு மேல எதுவும் பேசல. இறங்கிப் போய் அவரோட பரண்ல ஏறி உக்காந்துட்டார். கீழ அவர் நாய் ஒண்ணு, ஒரு கயித்துல கட்டி இருந்துச்சு. பாவம் அந்த நாய், நம்ம மிளகு எவ்ளோ ஃப்ரீயா இருக்கான்னு நான் அப்போ நினைச்சேன். அது இன்னும் ஞாபகம் இருக்கு.

பதினோரு மணி

நெருப்பு அணையுற நேரம். முதல்ல குரைச்சது பெரியவரோட நாய். நின்ன இடத்துல நின்னு, ஒரே பக்கமா பார்த்துக் குரைச்சுது. மிளகு காது நிமிர்ந்துச்சு. நான் "மிளகு, நோ"ன்னு சொல்லி முடிக்கல, அவ புதருக்குள்ள போயாச்சு. லீஷ் என் ஜாக்கெட் பாக்கெட்ல இருந்துச்சு.

கொஞ்ச நேரம் குரைப்பு சத்தம் தூரமா போச்சு. அப்புறம் ஒரு கிளை முறியுற சத்தம். சினிமால வர்ற மாதிரி பிளிறல் எல்லாம் இல்ல. கிளை முறிஞ்சுது, அதுக்கப்புறம் ஒரு அமைதி. அடுத்து மறுபடியும் மிளகோட குரல், இந்தத் தடவை எங்களை நோக்கி வருது. குரைப்பு இல்ல, கத்தல். அவளுக்குப் பின்னாடி இன்னும் ஏதோ வருது. செடி எல்லாம் சாயுற சத்தம்.

பயந்த நாய் எங்க ஓடும்? நம்பிக்கை உள்ள ஆள்கிட்ட ஓடும். அதாவது என்கிட்ட.

மிளகு நேரா டென்ட்டுக்குள்ள பூந்து ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போயிட்டா. நாங்க நாலு பேரும் அசையல. அசையக் கூடாதுன்னு தெரிஞ்சு இல்ல, கால் வரல. அதே நேரம் கீழேருந்து "ஆனே! ஆனே!"ன்னு சத்தம். பரண்லேருந்து பெரிய டார்ச் லைட், ரெண்டு வெடி, பக்கத்து வயல்லேருந்து தகரத்தைத் தட்டுற சத்தம். அந்த வெளிச்சத்துல ஒரு நொடி ஒரு முதுகு தெரிஞ்சுது. எங்களுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பஸ் நிக்கிற அளவுதான் இடம். அது எங்க பக்கம் வராம, இடது பக்கம் திரும்பி கீழ இறங்கிடுச்சு.

எங்களுக்கு ஒண்ணும் ஆகல. கதை இங்கயே முடிஞ்சிருந்தா இதை ஒரு த்ரில்லிங் ஸ்டோரியா பார்ட்டியில சொல்லிட்டு இருந்திருப்பேன்.

காலையில கீழ இறங்கிப் பார்த்தோம். யானை இடது பக்கம் இறங்குன வழியில ஒரு அம்மாவோட களம். அறுத்துக் குவிச்சு வெச்சிருந்த ராகி. பாதி தின்னது, மீதி மண்ணோட மிதிச்சது. பைப் லைனும் ரெண்டு இடத்துல நசுங்கி இருந்துச்சு. ஆடி மாசம் விதைச்சு, களை எடுத்து, ராத்திரி ராத்திரி கண் முழிச்சுக் காவல் காத்த ராகி. களத்துக்கு வந்து சேர்ந்ததுக்கு அப்புறம் போயிடுச்சு.

பெரியவர்கிட்ட கேட்டேன், "நாங்க வரலைன்னாலும் அது வந்திருக்கும்தானே ஐயா?" அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "வரும். நாய் குரைச்சா எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கமாவே திருப்பி விடுவோம்"னார். நேத்து ராத்திரி அது எந்தப் பக்கமும் இல்லாம, எங்க டென்ட் பக்கத்துலேருந்து வந்துச்சு.

கட்டிப் போட்ட அவர் நாய் தகவல் சொல்லுச்சு. அவுத்து விட்ட என் நாய் யானையைக் கூட்டிட்டு வந்துச்சு.

நாலு பேரும் கையில இருந்ததைச் சேர்த்து அந்த அம்மாவுக்கு ஜிபே பண்ணோம். அவங்க வாங்க மாட்டேன்னாங்க, அவங்க பையன்தான் நம்பர் கொடுத்தான். கணக்கு முடிஞ்சுதுன்னு எனக்குத் தோணல. திரும்பி வர்ற வழியில எங்களுக்குள்ள சண்டை வேற. "நாய்னா ஓடத்தான் செய்யும்டா, விடு"ன்னு ஒருத்தன். "நாய் மேல பழி போடாத, கயிறு யார் கையில இருந்துச்சு?"ன்னு டைசனோட ஓனர். அவன் சொன்னதுதான் சரி.

நம்ம வீக்எண்ட், அவங்க சீசன்

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். முன்னாடியே படிச்சிருக்கணும். மேப்பை ஓப்பன் பண்ணிப் பாருங்க. பெங்களூரு பக்கத்துல பன்னேர்கட்டா. அதுலேருந்து காடு தளி, ஜவளகிரி வழியா நம்ம பக்கம் இறங்கி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டின்னு காவிரி வரைக்கும் போகுது. இதுல 504 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமா 2014-ல அறிவிக்கப்பட்டுது. 2022-ல காவிரி தெற்கு சரணாலயம், இன்னும் 686 சதுர கிலோமீட்டர். மாநில எல்லை நமக்குத்தான், யானைக்குக் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் மழை முடிஞ்சு ராகி முத்துற நேரத்துல கர்நாடகா பக்கத்துலேருந்து கூட்டம் கூட்டமா ஓசூர் காடுகளுக்கு வரும். அந்த நேரம் எது? நவம்பர், டிசம்பர், ஜனவரி. குளிருக்கு நெருப்பு போட்டு உக்காரணும்னு நாம கேம்பிங் போற அதே மாசம்.

யானை மட்டும் இல்ல. சிறுத்தைக்கு நாய்ங்கிறது ஈஸியான சாப்பாடு. மகாராஷ்டிரா அகமதுநகர் மாவட்டத்துல ஊர்களை ஒட்டி வாழுற சிறுத்தைகள் என்ன சாப்பிடுதுன்னு எச்சத்தை வெச்சு ஆராய்ஞ்சிருக்காங்க. எடைக் கணக்குல 39 சதவீதம் வீட்டு நாய்கள். நம்ம காட்டுலயும் சிறுத்தை இருக்கு. "நாய் வெளிய காவலுக்கு இருக்கட்டும்"னு டென்ட்டுக்கு வெளிய கட்டிப் போடுறவங்க இதை ஒரு தடவை யோசிங்க.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. நம்ம நாயால காட்டுக்கு என்ன ஆகும்? 2018-ல கிர் காட்டுல இருபதுக்கும் மேல சிங்கங்கள் சில வாரத்துல செத்துச்சு. கெனைன் டிஸ்டெம்பர் வைரஸ் அதுல பெரிய காரணம். 1994-ல ஆப்பிரிக்காவுல செரங்கெட்டியில இதே வைரஸ் மூணுல ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்னுச்சு. அங்க சுத்துப்பட்டு ஊர் நாய்கள்கிட்டேருந்து பரவினதுன்னு கண்டுபிடிச்சாங்க. டிஸ்டெம்பருக்குத் தடுப்பூசி இருக்கு, நாய்க்கு வழக்கமா போடுற காம்பினேஷன் ஊசியிலயே வரும். ரேபிஸ் ஊசி மட்டும் போட்டுட்டு "வேக்சினேட்டட்"னு சொல்லிட்டு இருந்தீங்கன்னா, கார்டை எடுத்து ஒரு தடவை பாருங்க.

சரி, போகவே கூடாதா?

போகலாம். நாங்க இப்பவும் போறோம். எப்படிப் போறோம்னு சொல்றேன்.

முதல்ல இடம். சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அங்க டென்ட் பேச்சுக்கே இடமில்ல. 2018 மார்ச்ல குரங்கணி தீ விபத்துல ட்ரெக்கிங் போனவங்க இறந்தது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல ட்ரெக்கிங்குக்குன்னு தனி விதிமுறை வந்துச்சு. காட்டுக்குள்ள நடக்கணும்னு ஆசை இருந்தா, 2024 அக்டோபர்ல அரசு 40 பாதைகளோட ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கு. ஆன்லைன்ல புக் பண்ணி, வழிகாட்டியோட போகலாம். அப்போ நாய் வீட்டுல இருக்கட்டும். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு சில பேர் கேட்டிருந்தீங்க. ரெண்டும் தொல்லியல் துறை பாதுகாக்கிற நினைவுச்சின்னம். விலங்குகளைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு. ராத்திரி தங்கவும் முடியாது.

அப்போ எங்க? காட்டு எல்லையிலேருந்து தள்ளி, ஊரை ஒட்டி இருக்கிற தோட்டம். ஓனர்கிட்ட அனுமதி மட்டும் போதாது. பக்கத்து வயல்காரங்ககிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க: "இந்த மாசம் இங்க யானை வருதா?" பதில் சொல்ல ரெண்டு செகண்ட் யோசிச்சாங்கன்னா வேற இடம் பாருங்க.

அடுத்து லீஷ். பைக்கை விட்டு இறங்குறதுலேருந்து திரும்ப ஏறுற வரைக்கும் கழட்டுறது இல்ல. பத்து மீட்டர் நீளக் கயிறு ஒண்ணு வாங்கினேன். மிளகு மோப்பம் பிடிச்சுட்டுச் சுத்துவா, இன்னொரு முனை என் இடுப்புல இருக்கும். ராத்திரி டென்ட்டுக்குள்ள, எங்க கூடவே தூக்கம். டைசன் குறட்டை விடுவான், அது தனிப் பிரச்சனை.

வெயில். நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்கணும். நம்ம ஊர்ப் பாறை மத்தியானத்துல தோசைக்கல். புறங்கையை அஞ்சு செகண்ட் பாறையில வைங்க. உங்களால முடியலைன்னா அதோட பாதத்தாலயும் முடியாது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாயை மலைக்கே கூட்டிட்டுப் போகாதீங்க.

உண்ணி. திரும்பி வந்ததும் காது உள்பக்கம், கால் விரல் இடுக்கு, வால் அடி எல்லாம் தடவிப் பாருங்க. ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு நாய் சாப்பிடாம சோர்ந்து படுத்தா உடனே டாக்டர்கிட்ட போங்க, உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். நீங்களா பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க, நாய்க்கு அது விஷமாகலாம். பாம்புக்கடிக்கு நமக்குப் போடுற விஷமுறிவு மருந்தைத்தான் நாய்க்கும் போடுவாங்க. ஆனா எல்லா கிளினிக்லயும் ஸ்டாக் இருக்காது. எங்க இருக்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டு வெச்சுக்கோங்க.

கடைசியா ஸ்பீக்கர். வேண்டாம். அன்னைக்கு எங்க பாட்டு ஓடிட்டு இல்லைன்னா, பெரியவரோட நாய் இன்னும் முன்னாடியே குரைச்சது காதுல விழுந்திருக்குமோன்னு இப்பவும் யோசிப்பேன்.

இந்தப் பொங்கலுக்கு அந்தப் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். மிளகையும் கூட்டிட்டுப் போனேன், பகல்ல, கயித்தோட. அவர் என்னைப் பார்க்கல, முதல்ல கயித்தைத்தான் பார்த்தார். அப்புறம்தான் "வா தம்பி, டீ குடி"ன்னார். அந்த அம்மாவோட களத்துல இந்த வருஷ ராகி பத்திரமா வீடு போய்ச் சேர்ந்துடுச்சாம். மிளகும் அவர் நாயும் ஒண்ணை ஒண்ணு மோந்து பார்த்துட்டு, பக்கத்துல பக்கத்துல படுத்துடுச்சுங்க. ரெண்டும் கயித்துலதான்.

உங்க நாயோட நீங்க போன ட்ரிப்ல சொதப்பினது ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லா போன ட்ரிப்பை இன்ஸ்டால போட்டுக்கலாம், சொதப்பினதை இங்க பேசுவோம். அடுத்த வாரம் சந்திக்கலாம் மக்களே. டாட்டா.