பள்ளிப்பைக்குள் ஒரு கடிதம்

இதழியலிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. அதனாலேயே, பத்திரிகைகளால் காயப்பட்டும் வாய்திறந்து கேட்க முடியாதவர்களைப் பற்றி இங்கே பேச விரும்பினேன். பிரபலங்களின் குழந்தைகளையும் நோயுற்ற உறவினர்களையும் சொல்கிறேன்.

2011 நவம்பரில், லண்டனில் பத்திரிகைகளின் நடத்தை குறித்து நீதிபதி லெவ்சன் தலைமையில் நடந்த விசாரணையில் எழுத்தாளர் ஜே.கே. ரௌலிங் சாட்சியம் அளித்தார். மூத்த மகள் பள்ளியில் சேர்ந்த புதிது, ஐந்து வயது. ஒருநாள் மாலை மகளின் பையைத் திறக்கிறார். பள்ளியிலிருந்து வரும் வழக்கமான தாள்களுக்கு நடுவே, தன் பெயரிட்ட ஓர் உறை. எழுதியவர் ஒரு பத்திரிகையாளர். மிரட்டல் ஏதுமில்லை, வசவும் இல்லை. ஆனாலும் அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்! வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளை தோளில் மாட்டிப்போகும் பைக்கு எந்தத் தாய் காவல் நிற்பாள்?

அவரது மகன் தொடர்பான வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2004 நவம்பரில் எடின்பரோ தெருவில் பெற்றோர் அவனைத் தள்ளுவண்டியில் அழைத்துச் செல்கிறார்கள். வயது பத்தொன்பது மாதம். தொலைவிலிருந்து ஒருவர் லென்ஸ் வைத்துப் படம் பிடிக்கிறார். அடுத்த ஆண்டு அது ஒரு ஞாயிறு இதழில் வெளியாகிறது. வழக்குத் தொடுத்தபோது, பெற்றோர் தங்கள் பெயரில் தொடுக்கவில்லை. குழந்தையின் பெயரில் தொடுத்தார்கள். எனக்கு இந்த வழக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பொதுத்தெருவில் நடந்ததுதானே என்று கீழ் நீதிமன்றம் 2007இல் தள்ளிவிட்டது. 2008 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. குழந்தையின் வயது, படம் எடுத்த நோக்கம், சம்மதம் இன்மை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. தாயின் உரிமைக்கு அப்பால் பிள்ளைக்கென்று தனியாக ஓர் உரிமை இருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் பத்திரிகை ஆசிரியர்களுக்கான நெறிமுறையிலும் இதே எண்ணம் உண்டு. பெற்றோரின் புகழை மட்டுமே காரணமாகக் காட்டிக் குழந்தையின் சொந்த வாழ்க்கையை வெளியிடலாகாது என்கிறது அது.

நெறிமுறை இருந்தும் என்ன நடந்தது? 2006இல், அப்போது நிதியமைச்சராக இருந்த கோர்டன் பிரவுனின் கைக்குழந்தைக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் இருப்பதை 'தி சன்' நாளேடு வெளியிட்டது. பிறந்து சில மாதமே ஆன குழந்தை. தகவல் முறையாகவே கிடைத்தது என்றது நாளேடு. பின்னாளில் அந்தக் குடும்பம் வசித்த பகுதியின் அரசு மருத்துவ நிர்வாகம், தன் ஊழியர் ஒருவர் அனுமதியின்றிப் பேசியிருக்கவே மிகுந்த வாய்ப்பு உண்டு என்று ஏற்று, குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. ஒரு குழந்தையின் நோய் எந்த வாசகருக்கு அவசரத் தேவை? பெற்றோர் உற்றார் உறவினருக்குச் சொல்லி முடிப்பதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுகிற உரிமையை யார் கொடுத்தார்கள்?

நம் பக்கம் வருகிறேன். 'நக்கீரன்' ஆசிரியர் ராஜகோபால் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் அளித்த தீர்ப்பைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் வெற்றியாகக் கொண்டாடுகிறோம், சரிதான். அதே தீர்ப்பு, தன் குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு, கல்வி ஆகியவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றும் சொன்னது. அந்தப் பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. 2023 ஏப்ரலில் அமிதாப் பச்சனின் பேத்தி உயிருக்குப் போராடுவதாகவும் இறந்துவிட்டதாகவும் யூடியூப் சேனல்கள் புளுகின. பதினொரு வயதுச் சிறுமிக்காக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வீடியோக்களை நீக்க உத்தரவிட்ட நீதிமன்றம், பிரபலத்தின் பிள்ளையோ சாமானியரின் பிள்ளையோ, எல்லாக் குழந்தைகளுக்கும் மரியாதை உண்டு என்றது. வழக்கறிஞர் வைக்க வசதியுள்ள குடும்பம், போனது. ஒரு துணை நடிகரின் குடும்பம் என்ன செய்யும்? நம் ஊர்த் துக்க வீடுகளில் பாருங்கள்: பிணம் இன்னும் கூடத்தில் கிடக்கிறது, அழுது சிவந்த முகத்தோடு நிற்கும் பெண்ணின் மூக்கருகே மைக். "இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?"

இசை வெளியீட்டு விழாவுக்குப் பிள்ளையை மேடையேற்றியவர்கள்தானே, இப்போது ஏன் கோபம் என்று கேட்கிறார்கள். ஏற்றியது அப்பா, குழந்தை அல்ல. ஒரு மாலை வேளைக்குக் கொடுத்த சம்மதம் ஆயுளுக்கும் ஆகாது. அதேசமயம், அமைச்சரின் வளர்ந்த மகன் அரசு ஒப்பந்தம் எடுத்தால் துருவித்துருவி எழுதத்தான் வேண்டும். அங்கே செய்தியாவது அதிகாரம். குழந்தையிடமும் நினைவு தப்பிய முதியவரிடமும் அப்படி என்ன அதிகாரம் இருக்கிறது?

செய்தி ஆசிரியர்களிடம் இரண்டு கேட்கிறேன். உறவினர் படமொன்று பக்கத்துக்குப் போகும் முன், யார் சம்மதம் தந்தார்கள் என்பதை எழுதி வையுங்கள். குடும்பம் கேட்டால், நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் அன்றைக்கே நீக்குங்கள். இளம் நிருபர்களுக்கு இதைச் சொல்லித் தருவதற்கென ஆண்டுக்கு ஒரு பயிலரங்கு நடத்த இந்த அறக்கட்டளை முன்வந்தால், அதில் பாடம் எடுக்க நான் வருகிறேன்.