பிள்ளைகளில் முன்கூட்டிய பூப்பு: நாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாங்கள் இங்கே வெள்ளைச் சீருடையுடன் படித்த காலத்தில், வகுப்பில் ஒருத்தி இரண்டு கிழமை வராவிட்டால் "பெரியபிள்ளையாகிவிட்டாளாம்" என்று இரகசியமாகச் சொல்லிக்கொள்வோம். அதற்கு மேல் எவரும் எங்களுக்கு விளக்கியதில்லை. இன்று நாமே தாய்மாராகவும் ஆசிரியைகளாகவும் இருக்கிறோம். ஆனாலும் முதல் மாதவிடாய்தான் பருவத்தின் தொடக்கம் என்று இன்னமும் எண்ணுகிறோம்.

அது தொடக்கமல்ல. வழமையாக, மார்பு அரும்பி இரண்டு, இரண்டரை வருடங்கள் சென்ற பின்னரே அது வருகிறது. சாமத்தியச் சடங்குக்கு நாள் பார்க்கும்போது வைத்தியரை நினைத்தால், நாம் பிந்திவிட்டோம்.

பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னரும், ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னரும் மாற்றங்கள் தொடங்கினால் அது முன்கூட்டிய பூப்பு. பெண்பிள்ளையில் மார்பில், சிலவேளை ஒரு பக்கத்தில் மட்டும், சிறு கட்டிபோல அரும்பும், தொட்டால் நோகும். ஆண்பிள்ளையில் முதலில் விதைகள் பெருக்கும். மறைவிடத்தில் முடி, வியர்வை நாற்றம், முகப்பரு என்பனவும் தோன்றலாம். சீருடையும் சப்பாத்தும் வழமையைவிட விரைவில் சிறுத்துப்போகும்.

"நல்ல வளர்த்தி" என்று மகிழ்கிறோம். ஆனால் எலும்பின் வளரும் முனைகள் நேரத்தோடு மூடிவிடுவதால், இன்று வகுப்பில் உயரமான பிள்ளை நாளை குட்டையாகவே நின்றுவிடலாம்.

எங்களிடம் வரும் தாய்மார் முதலில் கேட்பது, "நான் சாப்பாட்டில் ஏதும் பிழை விட்டிட்டேனோ டொக்டர்?" என்பதே. தாயைக் குற்றஞ்சொல்ல இங்கு ஒன்றுமில்லை. பெண்பிள்ளைகள் பலரில் பாரதூரமான காரணம் எதுவும் இருப்பதில்லை. ஆண்பிள்ளைகளிலும் மிகச் சிறிய பெண்பிள்ளைகளிலும் மூளையிலோ சுரப்பிகளிலோ நோய் இருக்கக்கூடும். தலையிடியோ பார்வைக் குறைவோ சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனையும், எலும்பின் வயதைக் காட்டும் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் வழிகாட்டும். தேவையான பிள்ளைகளுக்கு, மாதமொருமுறையோ மூன்று மாதத்துக்கொருமுறையோ போடும் ஊசியால் பருவமடைதலை நிறுத்திவைக்கலாம். வைத்தியரிடம் போகும்போது பிள்ளையின் வளர்ச்சி அட்டையையும் கொண்டுசெல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். உடல் முந்தினாலும் மனம் ஏழு வயதுதான். "பெரிய பொம்பிளை" என்று பகிடி பண்ணாமல், விளையாட்டை மறிக்காமல், அவளது உடலில் நடப்பதை அவளுக்கு விளங்கும் வார்த்தைகளில் சொல்வோம். அன்று எங்களுக்கு இரகசியமாக வந்து சேர்ந்ததை, எங்கள் பிள்ளைகளுக்கு நாமே பக்கத்தில் இருத்தி வாய்விட்டுச் சொல்வோம்.